குண்டுக்கு அஞ்சாத நீதி

சென்ற ஆண்டு நம் மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. நாட்டின் பாதுகாப்பு பெரிதா, தனிமனித உரிமை பெரிதா என்பது பொருள். பாதுகாப்பே பெரிது என்ற கட்சியில் நான் பேசினேன். கையில் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. நாடகக் கொட்டகையில், தீப்பிடிக்காதபோதே தீ என்று பொய்யாகக் கூவி மக்களை மிரள வைப்பவன் பேச்சுரிமையைச் சொல்லித் தப்ப முடியாது என்று அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் காட்டிய உவமையே அது. அவை கைதட்டியது. பரிசுக் கோப்பையும் என் கைக்கு வந்தது.

அன்றிரவு விடுதிச் சாப்பாட்டு அறையில் நண்பர் ஒருவர், அந்த ஹோம்ஸ் துப்பறியும் ஹோம்ஸ்தானே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் என் மனம் உறுத்தியது. பெயரையும் உவமையையும் தவிர அம்மனிதரைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது! மறுநாள் நூலகத்திற்குச் சென்றேன். படிக்கப் படிக்க, என் வெற்றி எவ்வளவு அரைகுறையானது என்பது விளங்கியது. கோப்பையைத் திருப்பித் தர வழியில்லை. அறிந்ததை உங்களுக்குச் சொல்லியாவது கடனைத் தீர்க்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1841-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையாரின் பெயரும் அதுவே. அவர் மருத்துவர், கவிஞராகவும் கட்டுரையாளராகவும் நாடறிந்தவர். மகன் ஹார்வர்டில் படித்து 1861-இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை வெறுத்த அந்த இளைஞர் வடவர் படையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 20-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். மும்முறை காயமுற்றார். 1861-இல் பால்ஸ் பிளஃப் போரில் மார்பில் குண்டு பாய்ந்தது. 1862-இல் ஆன்டீட்டம் களத்தில் கழுத்தைத் துளைத்தது. 1863-இல் பிரடெரிக்ஸ்பர்க்கில் குதிகாலைத் தாக்கியது. உடன் நின்ற நண்பர்கள் பலர் களத்திலேயே மடிந்தனர். எங்கள் கொள்கையே முற்றமுடிந்த உண்மை என்று இரு பக்கத்தாரும் உறுதியாக நம்பினால் விளைவது என்ன என்பதை அவர் இருபது வயதிலேயே கண்டுவிட்டார். பின்னாளில் எந்தக் கொள்கையையும் ஐயத்தோடு நோக்கும் இயல்பு அவருக்கு வந்தது அந்தக் களத்திலிருந்துதான் எனலாம்.

படையிலிருந்து விலகியதும் சட்டம் பயின்றார். 1872-இல் ஃபேனி டிக்ஸ்வெல் என்ற அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. 1881-இல் ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சட்டம் வெறும் தருக்கத்தால் வளர்வதன்று, மக்களின் பட்டறிவால் வளர்வது என்பது அந்நூலின் சாரம். அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் உயர்மன்றத்தின் நீதிபதியானார். 1899-இல் அங்கே தலைமை நீதிபதியானார். 1902-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்திற்கு நியமித்தார். அப்போது அவருக்கு வயது 61. மற்றவர்கள் ஓய்வை எண்ணும் வயதில் அவருடைய பெருவாழ்வு தொடங்கியது.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அவ்வாண்டு சூன் மாதம் உளவுத் தடைச் சட்டம் பிறந்தது. 1918-இல் அதற்கு மேலும் கூர்மை ஏற்றினார்கள். அரசையும் படையையும் கொடியையும் இழித்துப் பேசுவதே குற்றம் என்றாயிற்று. பிலடெல்பியாவில் சோஷலிஸ்டுக் கட்சியின் செயலாளராக இருந்த சார்லஸ் ஷெங்க் என்பவர், கட்டாயப் படைச் சேர்ப்பை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1919 மார்ச்சு 3-ஆம் நாள் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக அவர் தண்டனையை உறுதி செய்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ். நான் மேடையில் முழங்கிய தீ உவமை அதில் உள்ளதுதான். தெளிவான, உடனடியான அபாயத்தை உண்டாக்கும் சொல்லைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்ற அளவுகோலையும் அங்கேதான் வகுத்தார்.

ஒரு வாரம் கழிந்தது. தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸின் வழக்கு வந்தது. போரைக் கண்டித்து ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறை. அதையும் ஒருமனதாக உறுதி செய்தார்கள். எழுதியவர் ஹோம்ஸே. 1920-இல் டெப்ஸ் சிறையிலிருந்தபடியே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார் என்றால், சிறை சென்றவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

என் சொற்பொழிவு மார்ச்சு மாதத்தோடு முடிந்துவிட்டது. ஹோம்ஸின் 1919-ஆம் ஆண்டு அத்தோடு முடியவில்லை.

ஏப்ரல் இறுதியில் 30-க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் தபாலில் போடப்பட்டன. பார்வைக்குக் கடைச் சரக்குப் போல இருந்த அவற்றினுள் வெடிகுண்டுகள் இருந்தன. அமைச்சர்கள், செனட்டர்கள், நீதிபதிகள், பெருஞ்செல்வர்கள் ஆகியோரின் முகவரிகள் அவற்றின்மேல் இருந்தன. ஜார்ஜியாவில் முன்னாள் செனட்டர் ஒருவரின் வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த பணிப்பெண் தம் கைகளை இழந்தார். இச்செய்தியைப் படித்த நியூயார்க் தபால் நிலைய ஊழியர் ஒருவருக்கு, தபால் தலை குறைவென்று தாம் ஒதுக்கி வைத்த 16 பொட்டலங்கள் நினைவுக்கு வந்தன. ஓடிச் சென்று காட்டினார். பல உயிர்கள் பிழைத்தன. குண்டு தேடிய முகவரிகளில் ஒன்று நீதிபதி ஹோம்ஸுடையது!

சூன் 2-ஆம் நாள் இரவு பல நகரங்களில் மீண்டும் குண்டுகள் வெடித்தன. வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் மிட்செல் பாமரின் வீட்டு முகப்பு சிதறியது. குண்டு கொண்டுவந்தவனே அதில் மாண்டான். பாமர் சினந்தெழுந்தார். அராஜகவாதிகளையும் பொதுவுடைமையாளரையும் கண்காணிக்கத் தனிப்பிரிவு அமைத்து, 24 வயதே ஆன எட்கார் ஹூவரை அதன் தலைவராக்கினார். நவம்பர் 7-ஆம் நாளும், 1920 சனவரி 2-ஆம் நாளும் நாடெங்கும் பெருஞ்சோதனைகள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர். பலரைப் பிடிக்க ஆணையும் இல்லை. பலர்மீது சான்றும் இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்தவர், ஒரு சங்கத்தின் பட்டியலில் பெயர் உள்ளவர் என்பதே போதுமானதாக இருந்தது. டிசம்பரில் 249 பேரை ஒரு பழைய கப்பலில் ஏற்றி ரஷ்யாவின் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் புயலின் நடுவேதான் ஏப்ரம்ஸ் வழக்கு தீர்ப்புக்கு வந்தது. ரஷ்யாவிலிருந்து குடியேறிய இளைஞர் சிலர், ரஷ்யாவுக்கு அமெரிக்கப் படையை அனுப்புவதைக் கண்டித்து 1918 ஆகஸ்டில் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார்கள். நியூயார்க்கில் மாடிச் சன்னலிலிருந்து தெருவில் வீசினார்கள். அதற்கு மூவருக்கு 20 ஆண்டுச் சிறை. மாலி ஸ்டைமர் என்ற இளம்பெண்ணுக்கு 15 ஆண்டு. 1919 நவம்பர் 10-ஆம் நாள், அதாவது பாமரின் முதற்பெருஞ்சோதனை நடந்த மூன்றாம் நாள், உச்ச நீதிமன்றத்தில் எழுவர் இத்தண்டனையைச் சரி என்றனர். இருவர் மறுத்தனர். ஒருவர் பிராண்டைஸ். மற்றவர், ஆறு மாதங்களுக்கு முன் குண்டுப் பொட்டலத்தின்மேல் பெயர் எழுதப்பெற்ற ஹோம்ஸ்.

மாறுபட்ட தீர்ப்பில் அவர் கூறியவற்றின் கருத்து இது: முகமறியாத ஒருவர் வீசிய அசட்டுத் துண்டுத்தாளால் நாட்டுக்கு என்ன அபாயம் உடனே வந்துவிடும்? வெறுக்கத்தக்க கருத்தாயினும், அதனால் உடனடித் தீங்கு நேராதவரை அரசு அதன் குரல்வளையை நெரிக்கலாகாது. இது உண்மை என்று நாம் இன்று உறுதியாக நம்புவது நாளை பொய்யாகிவிடலாம். ஆதலின் கருத்துகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நிலைபெறுவதே உண்மையை அறியச் சிறந்த வழி. அரசியல் சட்டமே ஒரு சோதனை முயற்சிதான். அம்முயற்சி நடக்கும்வரை, நாம் வெறுக்கும் கருத்துகளை ஒடுக்கும் முயற்சிகளுக்கு எதிராக என்றும் விழிப்போடு இருக்க வேண்டும்.

ஒரே ஆண்டில் இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? அவர் தனியே ஞானம் பெற்றுவிடவில்லை. நீதிபதி லேர்னெட் ஹேண்ட் முந்திய ஆண்டு இரயிலில் சந்தித்தபோது அவரோடு வாதிட்டிருந்தார், கடிதத்திலும் தொடர்ந்தார். ஹார்வர்டுச் சட்ட ஆசிரியர் செஃபீ, ஷெங்க் தீர்ப்பின் குறைகளை எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதினார். இளைஞர் ஹெரால்டு லாஸ்கி அந்த ஆசிரியரையே ஹோம்ஸிடம் அழைத்து வந்தார். இவர்கள் எல்லாம் ஹோம்ஸை விட வயதில் மிக இளையவர்கள். 78 வயது நீதிபதி அவர்கள் சொன்னதைக் கேட்டார்! சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லின் மெய்ப்பொருளைக் காணச் சொன்ன வள்ளுவரைப் படித்த நமக்கு, இதன் அருமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. தீர்ப்பு வெளிவருமுன் சக நீதிபதிகள் மூவர் அவர் வீட்டிற்கே வந்து, நாட்டின் நிலையை எண்ணி அதைக் கைவிடுமாறு வேண்டினர் என்பர். அவர் மரியாதையோடு மறுத்துவிட்டார்.

பாமரின் அச்சம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். குண்டுகள் மெய். 1920 செப்டம்பரில் நியூயார்க் வால் தெருவில் வெடித்த குண்டு 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆனால் வலையில் விழுந்தவர்கள் யார்? துண்டுத்தாள் வைத்திருந்தவர்கள், சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள், ஆங்கிலம் சரிவர அறியாத தொழிலாளர்கள். 1919-ஆம் ஆண்டின் குண்டுகளுக்கோ வால் தெருக் குண்டுக்கோ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. இதைப் படித்தபோதுதான் என் கோப்பை எனக்கு முழுமையாகக் கசந்தது. உரிமையைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிறோம் என்று மேடையில் பேசினேன். அவர்கள் உரிமையைக் கொடுத்தார்கள். பாதுகாப்பு வந்து சேரவில்லை.

ஹோம்ஸின் மாறுபட்ட தீர்ப்பு அன்று எவரையும் விடுவிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரம்ஸும் தோழர்களும் சிறையிலிருந்தனர். 1921-இல் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டனர். நாடு கடத்தும் ஆணைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை நீக்கியவர், தொழிலாளர் துறைத் துணைச் செயலாளர் லூயி போஸ்ட் என்ற முதியவர். கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சான்று எங்கே என்று கேட்டார். அதற்காக அவர்மீதே காங்கிரசில் குற்றம் சாட்ட முயன்றார்கள், அவர் அசையவில்லை.

1925-இல் கிட்லோ வழக்கிலும், 1929-இல் போர்க்கருவி ஏந்த மறுத்ததால் குடியுரிமை மறுக்கப்பட்ட ரோசிகா ஷ்விம்மர் அம்மையாரின் வழக்கிலும் ஹோம்ஸ் மாறுபட்ட தீர்ப்பே எழுதினார். 1928-இல் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுச் சான்று திரட்டிய அரசையும் கண்டித்தார். இத்தகையவரே 1927-இல், கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்கு வலிந்து கருத்தடை அறுவை செய்ய வர்ஜீனியா மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று எழுதினார்! அறிவுக் குறைவுடையவர் என்று அரசு சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். துண்டுத்தாள் வழக்கில் கேட்ட கேள்வியை அங்கே கேட்கவில்லை. பெரியோரின் வாழ்வில் இத்தகைய கறையை மறைத்து எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

1932-இல், 90 வயதில் ஓய்வு பெற்றார். 1935 மார்ச்சு 6-ஆம் நாள், 94-ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு மறைந்தார். ஆர்லிங்டன் படைவீரர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். தம் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார்.

தோற்ற தீர்ப்பு மெல்ல வென்றது. 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடனடி வன்செயலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழும் வாய்ப்பும் இருந்தாலன்றிப் பேச்சைத் தண்டிக்கலாகாது என்று முடிவு செய்தது. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2015-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவைச் செல்லாதென்று அறிவித்தபோது ஹோம்ஸின் தீர்ப்புகளை எடுத்து ஆராய்ந்தது.

ஆயினும் பழைய அச்சம் மறையவில்லை. 2001 செப்டம்பர் 11-ஆம் நாளின் பெருந்தாக்குதலுக்குப் பின் 45 நாட்களில் பேட்ரியட் சட்டம் நிறைவேறியது. செனட்டில் மறுத்து வாக்களித்தவர் ரஸ் ஃபைன்கோல்டு ஒருவரே. மக்களின் தொலைபேசி விவரங்களை மொத்தமாகத் திரட்டிய வழக்கம் 2013-இல் அம்பலமாகி, 2015-இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. 2010-இல் வந்த ஒரு தீர்ப்பு தமிழரையும் தொட்டது. பயங்கரவாத இயக்கங்கள் என்று அமெரிக்க அரசு பட்டியலிட்ட குர்து இயக்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும், சட்டத்துக்கு உட்பட்ட அமைதிச் செயல்களில் மட்டும் உதவலாமா என்பது கேள்வி. அவ்வியக்கங்களோடு இணைந்து அளிக்கும் பயிற்சியையும் அறிவுரையையும்கூடத் தடுக்கலாம் என்று அறுவர் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். ஹோம்ஸ் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை.

தேரா மன்னனின் கதையை நாம் சிலம்பில் படித்திருக்கிறோம். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், சான்று தேடவில்லை, ஓர் உயிர் போயிற்று. தவறு தெரிந்த கணமே பாண்டியன் உயிர் விட்டான். அவன் மானம் பெரிது. ஆனால் இன்றைய அரசுகள் அவ்வாறு உயிர் விடுவதில்லை. நாமும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே, உயிரோடிருந்து தன் தவற்றைத் தானே திருத்தும் நீதி நமக்கு வேண்டும். மார்ச்சு மாதத்தில் எழுதியதை நவம்பரில் மறுபடி எண்ணிப் பார்த்த அந்த முதியவரிடம் நான் கண்டது அதுதான்.

மீண்டும் அதே பொருளில் சொற்போர் வைத்தால் நான் எந்தக் கட்சியில் பேசுவேன்? பாதுகாப்பு வேண்டாம் என்று பேசமாட்டேன். அபாயம் எவ்வளவு அருகில் இருக்கிறது, சான்று எங்கே, பிடிபட்டவன் குண்டு வைத்தவனா, தாள் வைத்திருந்தவனா என்று கேட்பேன். கோப்பை கிடைக்காது. அதனால் என்ன?