கத்தியைக் கீழே வைத்த சத்திரவைத்தியர்

மாணாக்கர் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு சொல்லுக்கு விளக்கம் வேண்டினர். நிணநீர்ப் புற்று என்பது அச்சொல். நிணம் என்பது பழைய நூல்களிலே கொழுப்பையும் ஊனையும் குறிப்பது. அதனோடு நீரைச் சேர்த்து, உடலெங்கும் நுண்குழாய்களில் ஊர்ந்து செல்லும் ஒருவகைத் தெளிந்த நீருக்குப் பெயராக்கினர் கலைச்சொல் வகுத்தோர். அந்நீரோடு தொடர்புடைய கணுக்களிலும் வெண்கலங்களிலும் தோன்றும் புற்று நிணநீர்ப் புற்றாயிற்று. சொல்லை ஆராயப் புகுந்த யான், குழந்தைகளைப் பற்றும் அப்புற்று வகையொன்றுக்குத் தம் பெயரையே ஈந்த ஒருவரின் வரலாற்றிலே சென்று சேர்ந்தேன். அவர் டெனிஸ் பேர்க்கிற் என்னும் ஐரிஷ் சத்திரவைத்தியர்.

அவர் 1911ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி என்னிஸ்கிலன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் பொறியியலாளர், பறவை நூலிலும் பெருவிருப்புடையவர். தம் தோட்டத்துக் குருவிகளின் கால்களில் வளையமிட்டு, ஒவ்வொன்றும் தனக்கென வரைந்துகொண்ட எல்லையைப் படத்திற் குறித்து வைத்தவர். மைந்தர் பிற்காலத்திற் செய்த பெருஞ்செயலும் படத்திற் புள்ளி குறித்ததேயாம் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகின்றது.

பதினொரு வயதிலே கல்லெறி பட்டு ஒரு கண்ணை இழந்தார். டப்ளின் நகரிலே பொறியியல் கற்கத் தொடங்கி, இடையிலே மருத்துவத்திற்கு மாறி, 1935இற் பட்டம் பெற்றார். மேற்கு ஆபிரிக்காவிலே பணியாற்ற விண்ணப்பித்தபோது, ஒற்றைக்கண்ணர் என்பதனால் மறுக்கப்பட்டார். போர்க்காலத்திற் படை மருத்துவராயிருந்து, 1946இல் உகண்டாவை அடைந்தார்.

அங்கு லீரா மாவட்டத்திலே விரைவீக்க நோய் ஒரு பக்கத்து மக்களிடம் மிகுந்தும் மறுபக்கத்தாரிடம் அருகியும் இருந்ததைக் கண்டு, அதனைக் கணக்கிட்டு எழுதினார். நோய் யாது என்று கேட்பதோடு அமையாது, எங்கே உள்ளது, எங்கே இல்லை என்று கேட்பது அன்றே அவர்க்கு இயல்பாகிவிட்டது.

1957ஆம் ஆண்டிலே, கம்பாலா நகரத்து முலாகோ வைத்தியசாலையில், ஹியூ ட்ரோவல் என்னும் வைத்தியர் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்குமாறு அவரை அழைத்தார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் இருபுறமும் வீக்கம். கிருமியால் வந்த வீக்கமெனின் நான்கு மூலையிலும் ஒருங்கே வருவானேன்? விடை தெரியவில்லை. சில வாரங்களின் பின் ஜின்ஜா என்னும் ஊரின் வைத்தியசாலைக்குச் சென்றவர், சாளரத்தின் வழியே வெளியே நோக்கினார். அங்கே புல்தரையில் தாயோடிருந்த ஒரு குழந்தைக்கும் முகம் அவ்வாறே வீங்கியிருந்தது. வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. ஒரு முறை கண்டது புதுமை. இரு முறை கண்டது நோய். முலாகோவின் பழைய ஏடுகளைப் புரட்டினார். வேறு வேறு உறுப்புப் புற்றுகளென வெவ்வேறு பெயரிற் பதியப்பட்டிருந்தவை ஒரே நோயின் பல தோற்றங்களே என உணர்ந்தார். 1958இல் அதனை வெளியிட்டார். அது நிணநீர்ப் புற்றே என்பதைப் பின்னர் நோயியலாளர் ஓகொனர் தெளிவுறுத்தினார்.

ஆபிரிக்காவெங்கும் உள்ள வைத்தியசாலைகளுக்கு நோயின் படத்தோடு வினாத்தாள்கள் சென்றன. வந்த விடைகளைத் தேசப்படத்திற் குறித்தபோது பூமத்திய ரேகையை ஒட்டிய ஓர் அகன்ற பட்டை தோன்றியது. அதன் தென்னெல்லையைக் காணும் பொருட்டு 1961 ஒக்டோபரிலே, நண்பர் இருவரோடு பழைய மோட்டார் வண்டியொன்றிற் புறப்பட்டார். பத்து வாரம், 10,000 மைல், அறுபதுக்கு அணித்தான வைத்தியசாலைகள். பூமத்திய ரேகைக்கு அண்மையில் 5,000 அடிக்கு மேல் நோய் அரிது. தெற்கே செல்லச் செல்ல அவ்வுயரம் குறைந்தது. உயரமன்று, குளிரே நோயைத் தடுத்தது என்பது புலனாயிற்று. மலேரியா மிக்க நிலத்திலேயே இந்நோயும் மிகுகின்றது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

இனி மருத்துவம். இக்கட்டி ஓரிரு நாளிலே இருமடங்காக வல்லது; சில மாதங்களிலே உயிரைக் கொள்ளும். வெட்டியெடுத்தாலும் மீள வளர்ந்தது. கதிர்ச்சிகிச்சைக்கு வேண்டிய கருவி அக்காலத்துக் கம்பாலாவில் இல்லை. தாடையை அறுத்துக் குழந்தையின் முகத்தைச் சிதைத்தும் உயிரைக் காக்க இயலாத நிலையிலே, அச்சத்திரவைத்தியர் கத்தியைக் கீழே வைத்தார். தம் தொழிலின் கருவியையே பயனற்றதென ஒதுக்குதல் எத்துணைப் பேர்க்கு இயலும்!

நியூயோர்க்கிலிருந்து வந்த பேர்ச்சனல் முதலியோர் மெதோட்றெக்சேற் என்னும் மருந்தைக் கொணர்ந்தனர். கலங்கள் பிரிந்து பெருகுவதற்குப் போலிக் அமிலம் வேண்டும். இம்மருந்து அதனைப் போல வேடம் பூண்டு அதன் வேலையைத் தடுக்கின்றது. விரைந்து பெருகும் கலமே முதலில் மடிகின்றது. ஆகவே இப்புற்றின் வேகமே அதற்குக் கூற்றாயிற்று. இம்மருந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் உழைத்த ஆய்வுக் குழுவினின்றும் தோன்றியது என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் தகும். அவர் 1948இலேயே காலமாகிவிட்டார். கம்பாலாவின் குழந்தைகளை அவர் அறியார்.

பேர்க்கிற் இம்மருந்தையும் சைக்ளோபொஸ்பமைட், வின்கிறிஸ்ரின் என்பவற்றையும் வழங்கினார். முகத்தை மூடிய வீக்கம் சில நாளிலே வற்றியது. யாவரும் பிழைத்தனர் அல்லர். பலர்க்கு நோய் திரும்பியது. எனினும் ஒன்றோ இரண்டோ முறை மட்டுமே மருந்து பெற்ற குழந்தைகளுள்ளும் சிலர் நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்தனர். இதனை அவர் 1967இல் எழுதினார். மருந்தினாலேயே ஒரு புற்றை அடியோடு ஒழித்தல் கூடும் என்பதற்கு அக்காலத்திலே கிடைத்த சில சான்றுகளுள் இஃது ஒன்று. அவ்வாண்டிலேயே முலாகோவில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சை நிலையமும் எழுந்தது.

1961இலே இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தனி எப்ஸ்ரைன், கட்டித் துண்டுகளை வருவித்து ஆராய்ந்து, 1964இல் துணைவர் இருவரோடு ஒரு வைரசைக் கண்டறிந்தார். மனிதப் புற்றோடு தொடர்புடையதாக அறியப்பட்ட முதல் வைரசு அதுவே. பேர்க்கிற் 1966இல் இங்கிலாந்து மீண்டு, உணவிலுள்ள நார்ப்பொருளைப் பற்றி எழுதிப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழினும் முன்னையதே பெரிதென்பது என் துணிபு. 1972இல் லாஸ்கர் பரிசு பெற்றோருள் ஒருவரானார். 1993 மார்ச் 23இல் மறைந்தார்.

வளம் மிக்க நாடுகளிலே இந்நோயுற்ற குழந்தைகளுள் இன்று பத்துக்கு ஒன்பதின்மர் வரை பிழைக்கின்றனர். அந்நோய் முதலில் இனங்காணப்பட்ட ஆபிரிக்க மண்ணிலோ, மருந்து தட்டுப்பட்டும் வழிச்செலவுக்குப் பணமின்றியும் சிகிச்சை இடையில் நின்றுபோக, அத்துணைப் பேர் இன்னும் பிழைப்பதில்லை.