ஜைனோத்தமர் இருகப்ப தண்டநாதர்

காஞ்சிபுரம் வட்டாரத்துக் கற்கள் வரலாறு சொல்ல வல்லவை. எங்கள் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபையார் 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர் வாரியங்களுக்கு உரியோரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் பொறித்து வைத்தனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. அங்கிருந்து காஞ்சிக்குச் செல்லும் வழியில், ஆதிநாதர் எழுந்தருளியுள்ள ஆர்ப்பாக்கத்தைக் கடந்து, வேகவதி ஆற்றங்கரைத் திருப்பருத்திக்குன்றத்தை அடைந்தால், அங்கும் கற்கள் பேசுகின்றன. சபையொன்றின் ஒழுங்கை உத்திரமேரூர்க் கல் சொல்ல, தனிமனிதர் ஒருவரின் பக்தியை ஜினகாஞ்சிக் கல் சொல்கிறது. அப்பெருமகனார் விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்ப தண்டநாதர்.

குடும்பமும் காலமும்

இருகப்பரின் தந்தையார் வைசய தண்டநாதர். பைசப்பர், சைசப்பர் எனவும் கல்வெட்டுகள் அவரைக் குறிக்கும். அவர் புக்கராயரிடத்தும், அவருக்குப் பின் 1377இல் அரியணை ஏறிய இரண்டாம் ஹரிஹரராயரிடத்தும் பணியாற்றியவர். அவருக்கு மங்கப்பர், இருகப்பர், புக்கண்ணர் என மைந்தர் மூவர். கருநாடகத்தைச் சேர்ந்த இக்குடும்பம் அருகன் திருவடிகளையன்றி வேறொன்றையும் வணங்காத குடும்பம். தந்தை வழியில் இருகப்பரும் தண்டநாயகராகி, மகாப்பிரதானி என்னும் உயர்நிலையை எய்தினார்.

அவர் வளர்ந்த காலம் ஆருகதர்க்கு எளிய காலமன்று. விசயநகர ஆட்சிப் பகுதிகளில் ஜைனர்க்கும் ஸ்ரீவைணவர்க்கும் வழிபாட்டு உரிமைகள் பற்றிப் பூசல் எழுந்தது. ஆனைகுந்தி, பெனுகொண்டா முதலிய ஊர்களின் பவ்வியர்கள் ஒன்றுகூடிப் புக்கராயரிடம் முறையிட்டனர். 1368ஆம் ஆண்டில் அரசர் தீர்ப்பளித்தார். திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்களும் இருந்த அவையில், ஜைனர்களின் கையைப் பிடித்து ஸ்ரீவைணவர்களின் கையில் வைத்தார். இரு தரிசனங்களுக்கும் வேறுபாடு இல்லை என்றும், ஐந்து பெருவாத்தியங்களும் கலசமும் ஜைனர்க்கும் உரியவை என்றும், அவர்க்கு நேரும் கேட்டை வைணவர் தமக்கு நேர்ந்த கேடாகக் கருதிக் காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். இத்தீர்ப்பைச் சிரவணபெளகொளக் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது.

அத்தீர்ப்பின் மற்றொரு பகுதி நம் சிந்தனைக்கு உரியது. ஜைனர் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் தண்டப்பட வேண்டும். அத்தொகையால் பெளகொளத் திருமேனிக்கு இருபது காவலர் அமர்த்தப்பட வேண்டும். எஞ்சியது பழுதுற்ற ஜினாலயங்களைச் செப்பனிட்டுச் சுண்ணம் பூசுவதற்கு ஆகும். அரசர் உரிமையை உறுதி செய்தார். ஆலயம் நிலைபெறும் பொறுப்போ ஒவ்வொரு வீட்டின் மீதும் வைக்கப்பட்டது. இந்தச் சூழலில்தான் இருகப்பரின் பொது வாழ்வு மலர்ந்தது.

ஜினகாஞ்சியில் செய்த அறம்

திருப்பருத்திக்குன்றம் அவர் காலத்திலேயே பழம்பதி. பருத்திக்குன்றைச் சேர்ந்த நந்தி சங்கத்து வச்சிரநந்தி முனிவர்க்குப் பல்லவ மன்னர் நிலக்கொடை அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. சோழர் காலத்திலும் இத்தலம் போற்றப்பட்டது. ஆயினும் பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகம் போர்களால் அலைக்கழிந்தது. குமார கம்பணரின் படையெடுப்புகளுக்குப் பின்னர் தொண்டை நாடும் மதுரையும் விசயநகர ஆட்சிக்குள் வந்தன. அந்தப் புதிய ஆட்சியின் உயர் அலுவலராக இருகப்பர் ஜினகாஞ்சிக்குத் தொண்டு செய்தார்.

1382ஆம் ஆண்டு, துந்துபி வருடத்தில், திரைலோக்கியவல்லபர் ஆலயத்திற்கு மாவண்டூர்ப் பற்றிலுள்ள மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இறையிலிப் பள்ளிச்சந்தமாகக் கிடைக்கச் செய்தார். ஊரின் நான்கெல்லைகளுக்கு உட்பட்ட வருவாய் பூசைக்கும் சாலைக்கும் திருப்பணிக்கும் ஆக வேண்டும்; சந்திர சூரியர் உள்ளவரை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கல்வெட்டு இருகப்பரை ஜைனர்களுள் உத்தமர் என்னும் பொருளில் ஜைனோத்தமர் என்று குறிக்கிறது. ஆனால் அந்த அறத்தின் புண்ணியத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம் அரசராகிய ஹரிஹரராயர்க்கு உரியதாக்கினார். அரச வருவாயிலிருந்து ஊர் ஒன்றைப் பெற்றுத் தந்தவர், அந்த அறத்தின் பயன் அரசரைச் சேர்வதே முறை எனக் கொண்டார் போலும். பதவியால் வந்ததையும் தமக்கே உரியதையும் பிரித்தறிந்த பண்பு இதில் விளங்குகிறது.

குருவின் சொல்லும் மண்டபமும்

அக்காலத்தில் ஜினகாஞ்சியில் தவமும் தமிழும் ஒருங்கே செழித்தன. மல்லிசேனர் எனவும் வழங்கும் வாமன முனிவர் மேருமந்தர புராணத்தை இயற்றியவர். நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை கண்டவர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவற்றைப் பதிப்பித்திராவிடில் நம் தலைமுறை அவற்றை எளிதில் கண்டிருக்க இயலாது. அம்முனிவரின் மாணாக்கர் புஷ்பசேன முனிவர். ஆலயத்துக் குரா மரத்தடியில் இம்முனிவர்களை நினைவூட்டும் பீடங்களை வணங்கி வருவது நம் குடும்பங்களின் வழக்கம்.

அப்புஷ்பசேனரையே இருகப்பர் குருவாகக் கொண்டார். அவருடைய பணிப்பின்படி, 1387-88இல், பிரபவ வருடத்தில், வர்த்தமானர் சந்நிதிக்கு முன்னே சங்கீத மண்டபத்தை எழுப்பினார். கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சுலோகம் ஒன்று இதனை அறிவிக்கிறது. பெருவாத்தியங்கள் ஜைனர்க்கும் உரியவை என்று புக்கராயர் தீர்ப்பளித்துப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுத்தில் கிடைத்த உரிமை இசை ஒலிக்கும் இடமாகக் காஞ்சியில் உருக்கொண்டது என்று நாம் எண்ணி மகிழலாம். பின்னாளில் அம்மண்டபத்தின் விதானம் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகளைக் காட்டும் ஓவியங்களால் பொலிவு பெற்றது. ஓவியங்களின் கீழே தமிழில் விளக்கங்களும் எழுதப்பட்டன. ஏடு படிக்க அறியாதவரும் அண்ணாந்து பார்த்தே முதலாம் தீர்த்தங்கரர் முதல் இருபத்து நான்காம் தீர்த்தங்கரர் வரையிலான திருவறத்தை உணர அம்மண்டபம் வழிசெய்தது.

தலைநகரில் ஜினாலயம்

காஞ்சியின் இரு பணிகளுக்கும் இடையே, 1385-86இல், விசயநகரத்திலேயே குந்துநாத தீர்த்தங்கரர்க்குக் கருங்கல்லால் ஒரு சைத்தியாலயம் எடுப்பித்தார். இன்று ஹம்பியில் கானிகித்தி கோயில் எனப்படுவது அதுவே. கோயில் முன் நிற்கும் தூணின் கல்வெட்டு, மூலசங்கத்து நந்தி சங்க மரபில் வந்த சிம்மநந்தி உள்ளிட்ட குருபரம்பரையை முதலில் போற்றி, பின்னரே அரசரையும் அமைச்சரையும் கூறுகிறது. அரண்மனையில் செல்வாக்குள்ள ஒருவர் தம் பெயரைக் குருமார் பெயர்களுக்குப் பின்னே அமைத்துக்கொண்டது அவருடைய அடக்கத்தைக் காட்டும்.

கல்வியும் இக்குலத்திற்கு அணியாயிற்று. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைக்கும் நானார்த்த ரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டு, இருகப்ப தண்டாதிநாதர் பெயரால் வழங்குகிறது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதியாகிய ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதியைப் பயின்றோர்க்கு இவ்வகை நூலின் அருமை புரியும். மங்கப்பரின் மகனும் இருகப்பர் என்னும் பெயரையே பெற்றார். அவர் 1422இல் பெளகொள ஊரைக் கோமடேசுவரர் வழிபாட்டிற்கு அளித்து, சிற்றப்பனார் வகுத்த வழியைத் தொடர்ந்தார்.

வாளும் விரதமும்

படைத்தலைவர் ஒருவர் அகிம்சை நெறியில் உத்தமர் எனப் போற்றப்படுவது எங்ஙனம் என்று நம் இளைஞர்கள் வினவுவதுண்டு. வினா நேர்மையானது, விடையும் நம் நூல்களிலேயே உள்ளது. முற்றத் துறந்த முனிவர்க்கு மகாவிரதமும், இல்லறத்தார்க்கு அணுவிரதமும் விதிக்கப்பட்டன. கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்யும் சங்கல்ப இம்சையைச் சிராவகர் அறவே விலக்க வேண்டும். சமையல், உழவு, தொழில் ஆகியவற்றாலும், நாட்டையும் மக்களையும் காக்கும் எதிர்ப்பாலும் நேரும் இம்சைகளை அவர் குறைத்துக்கொள்ள வேண்டும். அவை வினையாகா என்று நூல்கள் கூறவில்லை, வினை வினையே. அதனை உணர்ந்த இல்லறத்தார் தானத்தாலும் பூசையாலும் குரு பணிவிடையாலும் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். வாளேந்திய கையால் பள்ளிச்சந்தமும் மண்டபமும் வழங்கிய இருகப்பரின் வாழ்வை இவ்வொளியில் காண்பதே தகும். போர்க்களத்திலிருந்து வந்தவர் குருவின் முன் மாணாக்கராய் நின்றார் என்பதையே அம்மண்டபம் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நமக்குள்ள கடன்

மகேந்திரமங்கலத்து வருவாய் இன்று ஆலயத்திற்கு வருவதில்லை. சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிய பேரரசும் மறைந்தது. ஆலயம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் கல்லுக்குக் காவல் உண்டு. ஆனால் இருகப்பர் குறித்த மூன்று கடமைகளுள் பூசையை எந்தத் துறையும் செய்ய இயலாது. வேலையும் கல்வியும் தேடி நம் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், சிற்றூர் ஜினாலயங்கள் பலவற்றில் மாலை விளக்கேற்ற ஒரு வீடோ இரண்டு வீடோதான் எஞ்சியுள்ளன.

பேரரசின் அமைச்சர் செய்தது போல ஊர் ஒன்றைக் கொடுக்க நம்மால் ஆகாது. வீட்டுக்கு ஒரு பணம் என்ற 1368ஆம் ஆண்டின் ஏற்பாடோ நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியது. அவரவர் பூர்விக ஊரின் ஜினாலயத்திற்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குவோம். உத்திரமேரூர்ச் சபையார் விதித்தவாறு அதற்குத் தவறாமல் கணக்கும் காட்டுவோம். திருவிழா நாளில் பிள்ளைகளை ஜினகாஞ்சிக்கு அழைத்துச் சென்று, சங்கீத மண்டபத்தின் விதானத்தைக் காட்டி, அதனைத் தாங்கும் மண்டபத்தை எழுப்பியவர் பெயரையும் சொல்லி வைப்போம். பூசை, சாலை, திருப்பணி என்னும் மூன்றும் தடையின்றி நடப்பதே ஜைனோத்தமர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.