மாவீரன் ஹெர்குலிஸ்

கிரேக்க நாட்டுப் புராணக் கதைகளில் வரும் மாபெரும் பலசாலி ஹெர்குலிஸ்.

தேவர்களின் அரசன் சீயஸ். அவனுக்கும் அல்க்மினி என்ற மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன் இவன். சீயஸின் மனைவி ஹீராவுக்கு இது பொறுக்கவில்லை. தொட்டில் குழந்தையைக் கொல்ல 2 பாம்புகளை ஏவினாள். குழந்தையோ இரண்டையும் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டது!

பித்துப் பிடித்தது

ஹெர்குலிஸ் வளர்ந்தான். தீப்ஸ் நகர இளவரசி மெகாராவை மணந்தான். குழந்தைகள் பிறந்தன.

ஹீராவின் கோபம் தணியவில்லை. அவனுக்குப் பித்துப் பிடிக்கச் செய்தாள். அந்த வெறியில், பெற்ற பிள்ளைகளையே அவன் கொன்றான். தெளிந்ததும் கதறினான். பாவம் தீர வழி தேடி டெல்பி கோவிலுக்கு ஓடினான். யூரிஸ்தியஸ் மன்னனுக்கு ஊழியம் செய்யும்படி அங்கே குறி சொன்னார்கள்.

12 வேலைகள்

யூரிஸ்தியஸ் ஒரு கோழை. அவன் முன் மாவீரன் கைகட்டி நின்றான்!

மன்னன் 12 வேலைகள் கொடுத்தான். ஆயுதம் பாயாத நெமியா சிங்கத்தை ஹெர்குலிஸ் கைகளாலேயே கொன்றான். ஆஜியஸ் மன்னனின் தொழுவத்தில் 30 ஆண்டுச் சாணம் மலைபோல் குவிந்து கிடந்தது. 2 ஆறுகளைத் திருப்பிவிட்டு, ஒரே நாளில் கழுவினான். கடைசியில், பாதாள உலகைக் காக்கும் 3 தலை நாயையும் பிடித்து வந்தான்.

தீயில் முடிந்தது

பின்னாளில் டியனைரா என்பவளை மணந்தான். கணவனின் அன்பு குறையாதிருக்க, மருந்து என்று நம்பி ஓர் அங்கியில் அவள் எதையோ தடவிக் கொடுத்தாள். அது விஷம்! உடல் வெந்தது. வேதனை தாங்காமல், ஈட்டா மலையில் சிதை அடுக்கச் சொல்லி, தானே ஏறிப் படுத்தான். சீயஸ் அவனைத் தேவனாக்கினான். ஹீராவும் பகை மறந்து, தன் மகள் ஹீபியை அவனுக்கு மணம் முடித்தாள்.

சிங்கத்தை அடக்கியவர்கள் கதைகளில் பலர் உண்டு. செய்த பாவத்துக்காக, தன்னைவிட எளியவனிடம் தலைகுனிந்து உழைத்தானே, அதுவே ஹெர்குலிஸின் பெரிய வீரம்.