விதைத்தவர் தோற்றார், விளைச்சல் வென்றது!

பீளமேட்டு ஆலைச் சங்கு கேட்டுத் தூக்குப்போசியோடு விரைந்த தொழிலாளியை 1960களில் வாட்டிய கவலை எது? போசிக்குள் சோறு நிரம்புமா என்பதுதான்! நாடே அமெரிக்கக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த காலம். 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது.

அப்போது மத்திய உணவு அமைச்சர், நம் கொங்கு மண்ணின் சி. சுப்பிரமணியம். 1910இல் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1952 முதல் பத்தாண்டு சென்னை மாநில அமைச்சர்.

1964இல் உணவுத் துறை அவர் கைக்கு வந்தது. கட்டுபடியாகாத விலைக்கு எந்த உழவன் கூடுதலாக விளைவிப்பான்? இதை உணர்ந்தார். 1965இல் வேளாண் விலைக் குழுவும், இந்திய உணவுக் கழகமும் பிறந்தன. 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை வரவழைத்தார். அந்நிய விதையா, அந்நியச் செலாவணி விரயமா என்று அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு! அவரோ டில்லியில் தம் வீட்டுப் புல்தரையிலேயே கோதுமை விதைத்துக் காட்டினார்.

பலன் கிடைக்குமுன் தேர்தல் வந்தது. ஒருபுறம் வறட்சி, அரிசிப் பஞ்சம். மறுபுறம் இந்தித் திணிப்பின்மேல் மூண்ட சினம். 1965இல் மொழிக்காகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தவர்தான். ஆயினும் அமைச்சரவையிலேயே நீடித்தார். 1967இல் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். வென்று வந்த புதிய ஆட்சி, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது.

மறு ஆண்டு வடக்கே கோதுமை குவிந்தது. 1964-65இல் 123 லட்சம் டன். 1967-68இல் 165 லட்சம் டன்! பள்ளிக்கூடங்களே களஞ்சியங்களாயின. விதைத்தவரோ நாடாளுமன்றத்தில் இல்லை.

ஆனால் தோழர்களே, நிலமும் கிணறும் உரம் வாங்கப் பணமும் உள்ளவன் வீட்டுக்கே அந்த விளைச்சல் முதலில் சென்றது. கூலி உயர்வு கேட்ட உழைப்பாளிக் குடும்பங்களில் 44 உயிர்கள் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டதும் அதே 1968இல்தான்.

சுப்பிரமணியம் பின்னர் நிதியமைச்சரானார். 1998இல் பாரத ரத்னா பெற்றார். 2000 நவம்பரில் மறைந்தார். ஓட்டு இழந்தாலும் விதையைக் கைவிடாத அவர் துணிவை மதிப்போம். களஞ்சியத்தை நிரப்ப வழி செய்தார் அவர். அதில் உழைப்பவனுக்குரிய பங்கைப் பெற்றுத் தருவது யார் பொறுப்பு? நம் பொறுப்பு!