பண்டிதர் அயோத்திதாசர்: மருத்துவர் கண்ட அறம்

மனிதன் நாடிச் செல்வது இன்பம். அவனைத் தேடி வருவது துன்பம். இதனை அறியாத சமயம் உலகில் இல்லை. ஆயினும் வந்த துன்பத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பதில் சமயங்கள் வேறுபடுகின்றன. முன்வினையின் பயன் என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வார் உளர். மறுமையில் ஈடு கிடைக்கும் என்று ஆற்றுவாரும் உளர். மருத்துவனோ துன்பத்தைக் கண்டதும் அதன் காரணத்தைக் கேட்கிறான். காரணம் தெரிந்தபின் மருந்தைத் தேடுகிறான். அந்த மருத்துவனின் கேள்வியைச் சமயத்தினிடத்தும் சமுதாயத்தினிடத்தும் அஞ்சாமல் கேட்டவர் பண்டிதர் க. அயோத்திதாசர். அவர் பெயரை நம் இளைஞர்கள் அறிவார்கள், படத்தையும் பார்த்திருப்பார்கள். அவர் எவ்வழியே நடந்து எங்குச் சென்று சேர்ந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. ஆதலின் அதனை இம்மலரில் எழுத முற்படுகின்றேன்.

அவர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். தம் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளை அவர் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்னும் செய்தியைப் பண்டிதரே தம் எழுத்தில் பதிவு செய்துள்ளார். கல்வி என்பது அந்த வீட்டிற்குப் புதிதாக வந்த விருந்தாளியன்று என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும். நமக்கு எழுத்தறிவு அண்மையில்தான் வாய்த்தது என்று நம்மவரே எண்ணிக்கொள்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவடிகளின் நினைவு வரும்.

குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. தமிழும் சித்த மருத்துவமும் சமய நூல்களும் கற்ற காத்தவராயன், வடமொழியிலும் பாலியிலும் ஆங்கிலத்திலும் பயிற்சி பெற்றார். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராசப் பண்டிதரிடம் கொண்ட பெருமதிப்பால் அவ்வாசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆசிரியர் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழிப்பவர்களுக்கு இதனினும் பெரிய பரிசு ஒன்று உண்டோ என்பதை நானறியேன்.

இளமையில் அவர் பற்றிய சமயக் கொள்கை அத்வைதம் ஆகும். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை அவர் நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே, வேற்றுமையெல்லாம் தோற்றமே என்று கூறும் தத்துவம், பிறப்பால் தள்ளி வைக்கப்பட்ட ஒருவரின் உள்ளத்திற்கு எத்துணை இனிமையாக இருந்திருக்கும்! ஆனால் சபையில் ஒன்றாக இருந்த உயிர், வீதிக்கு வந்தவுடன் உயர்ந்ததும் தாழ்ந்ததுமாகப் பிரிந்துவிட்டது. கிணற்றிலும் கோயிலிலும் சத்திரத்திலும் பயன்படாத ஒருமைப்பாட்டை வைத்துக்கொண்டு யாது செய்வது? இந்தக் கேள்வியை அவர் உடனே கேட்டார் என்று நான் சொல்லவில்லை. எனினும் அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் செய்த பணிகள் யாவும் இக்கேள்வியின் மேல் எழுந்தவையாகவே தோன்றுகின்றன. 1885இல் பாதிரியார் ஜான் இரத்தினத்துடன் 'திராவிடப் பாண்டியன்' இதழ்ப் பணியில் ஈடுபட்டார். 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தார்.

மறு ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1892இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நாட்டின் உரிமைகளைப் பேசக் கற்றவர்கள் கூடிய அவை அது. நீலகிரியின் சார்பில் வந்திருந்த பண்டிதர் எழுந்து, விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் தம் மக்கள் நுழைந்து வழிபட ஏன் தடை இருக்க வேண்டும் என்று வினவினார். அவை கொதித்தெழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி என்பவர், உங்கள் குலத்திற்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற தெய்வங்களைக் கொடுத்திருக்கிறோம், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற கருத்தில் பேசினார். பண்டிதர் சினந்து வெளியேறவில்லை. அங்ஙனமாயின் அந்தச் சாமிகள் எங்களுக்கு வேண்டா என்று கூறிவிட்டு, அதே நிலையில் நின்று வேறிரண்டு பொருள்களைக் கேட்டார். எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையேனும் இலவசக் கல்வி வேண்டும். கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலங்களை எம் மக்களுக்கு வழங்க வேண்டும் என்பன அவை.

இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே தம் இதழில் எழுதியிருக்கிறார். படிக்குந்தோறும் வியப்புத் தருவது அந்த நொடியில் நிகழ்ந்த மாற்றமே. தெய்வத்தைக் கேட்டவர், அது மறுக்கப்பட்டதும், பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கேட்கிறார். மக்களின் நலம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிய அவருடைய கணிப்பு அந்த மண்டபத்திலேயே தெளிந்துவிட்டது போலும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமையைக் குறித்து 1891இல் எழுதிய அறிக்கையும், அதனையொட்டி 1892இல் தரிசு நிலங்களை வழங்குவதற்குப் பிறந்த அரசாணையும் இதே காலத்தவை என்பதை இங்கு நினைவுகூரலாம். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழக்காடிக்கொண்டிருப்பது அந்நிலத்தையே.

சென்னையில் இராயப்பேட்டையில் அவர் சித்த மருத்துவம் பார்த்து வந்தார். பிற்காலத்தில் தமிழ்த்தென்றல் என்று போற்றப்பட்ட திரு.வி.க., சிறு வயதில் நோயால் கைகால் முடங்கிக் கிடந்தபோது பண்டிதரின் மருந்தால் நலம் பெற்றதைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியுடன் குறித்துள்ளார். வீதியில் தீட்டு என்று ஒதுங்கியவர்களும் நோய் வந்தபோது அவர் தொட்டு நாடி பார்க்கக் கையை நீட்டியிருப்பார்கள். மருந்து சாதி பார்த்து வேலை செய்வதில்லை, நோயும் அவ்வாறே. அறிவியலின் இந்த நடுவுநிலையை நாள்தோறும் கையால் உணர்ந்த ஒருவர், சமயத்தினிடத்தும் அதே நடுவுநிலையை எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

அந்த நடுவுநிலையை அவர் புத்தரின் அறத்தில் கண்டார். புத்தர் காட்டிய நான்கு வாய்மைகளின் அமைப்பையே பாருங்கள்: துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்குதல் உண்டு, நீங்குவதற்கு வழி உண்டு. நோய், நோய்முதல், நோய் தீர்தல், மருந்து என்னும் மருத்துவ முறையே இது. இந்த வரிசையில் படைத்தவன் யார் என்ற கேள்வி எழவில்லை. பிறந்த குலம் எது என்ற கேள்வியும் எழவில்லை. ஒரு வைத்தியருக்கு இவ்வறம் எளிதில் பிடிபட்டிருக்கும் என்பது என் துணிபு.

அந்நாளில் அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்தி வந்த கர்னல் ஆல்காட், 1894 முதல் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளைத் தொடங்கியிருந்தார். அவர் 1880இலேயே இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றவர். பண்டிதரும், அப்பள்ளிகளில் ஒன்றின் தலைமையாசிரியரான பி. கிருஷ்ணசாமியும் ஆல்காட்டை அணுகினர். 1898இல் அவர்கள் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகத் தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர் ஆயினர். ஒரு பள்ளித் தலைமையாசிரியர் உடன் சென்றார் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமையுண்டு. திரும்பி வந்த பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். தாம் புதிய மதம் புகுந்ததாக அவர் கருதவில்லை. தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், இழந்ததை மீட்கிறார்கள் என்பதே அவர் கொள்கை.

1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை, நான்கு பக்கங்களோடு 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவந்தது. ஓராண்டு கழிந்தபின் 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. ஏறத்தாழ ஏழாண்டுக் காலம், தம் இறுதி வரை, அதனை அவர் நடத்தினார். வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்னும் நான்கும் இருக்குமிடத்தில் மக்கள் சுகம் பெறுவர் என்பது அவர் சலியாமல் எழுதி வந்த கருத்து. புகைவண்டியையும் தந்தியையும் கண்டுபிடித்தவர்களின் அறிவு முயற்சியைப் போற்றினார். உழைக்கும் கையையும் ஆராயும் அறிவையும் மதியாமல் பிறப்பை மட்டும் மதிக்கும் தேசம் சீர்பெறாது என்று வாதிட்டார்.

அவருடைய எழுத்துகளில் இளைஞர்களுக்கு மிகவும் வியப்பூட்டக்கூடியவை பண்டிகைகளைப் பற்றிய விளக்கங்கள் ஆகும். தீபாவளியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எந்தப் பள்ளி மாணவனும் நரகாசுரனைக் கொன்ற கதையைத்தான் எழுதுவான். பண்டிதர் சொல்வது வேறு. எள்ளிலிருந்து நெய்யெடுக்கலாம், அது உடலுக்கு நலம் தரும் என்பதைப் பௌத்த மடத்தார் ஆராய்ந்து கண்டு, மக்களுக்கு அறிவித்து, அவ்வெண்ணெயைத் தேய்த்துத் தீபவதி என்னும் நதியில் நீராடச் செய்த நாளே தீபாவளி என்பது அவர் விளக்கம். கார்த்திகை தீபமோ, ஆமணக்கு நெய்யை விளக்கெரிக்கப் பயன்படுத்தலாம் என்று கண்டறிந்து மலைமேல் ஏற்றிக் காட்டிய நாளின் நினைவாம். கொலையின் கொண்டாட்டமாக இருந்ததை ஒரு கண்டுபிடிப்பின் கொண்டாட்டமாக அவர் மாற்றிவிடுகிறார். அசுரனின் பிணம் கிடந்த இடத்தில் ஒரு செக்கு வந்து நிற்கிறது!

இவ்விளக்கங்களை மெய்ப்பிக்கப்பட்ட வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? ஆகாது என்றே கூறுவேன். கல்வெட்டுச் சான்றோ அகழாய்வுச் சான்றோ அவற்றிற்கு இல்லை. சொற்களைப் பிரித்துப் பொருள் காணும் அவருடைய முறையை இன்றைய மொழியியலார் பல இடங்களில் ஒப்பமாட்டார்கள். திருக்குறளைத் திரிக்குறள் என்று கொண்டு, பௌத்தத் திரிபிடகத்தோடு இணைத்ததும் அத்தகையதே. நம் பெரியவர் சொன்னார் என்பதற்காக அப்படியே ஏற்றுக்கொள்வது, அவர் எதிர்த்த மனப்பான்மையையே அவருக்கு மாலையாகச் சூட்டுவதாகும். ஆயினும் அவ்விளக்கங்களுக்குள் ஓர் அளவுகோல் மறைந்திருக்கிறது. ஒரு வழிபாடு அல்லது சடங்கு, மக்களின் உடலுக்கோ அறிவுக்கோ ஒழுக்கத்திற்கோ எந்த நன்மையைச் செய்தது என்று அவர் கேட்கிறார். நன்மை தெரிந்தால் ஏற்கிறார். தெரியாவிட்டால் அது பிற்காலத்தார் புகுத்திய வேடம் என்று தள்ளுகிறார். விடைகளில் ஐயம் இருக்கலாம், கேள்வியில் பழுதில்லை.

அவர் காலத்திலேயே சென்னையில் மற்றொரு பௌத்த அறிஞர் இருந்தார். அறிவியல் பேராசிரியரான பி. இலட்சுமிநரசு அவர். 'தமிழன்' தோன்றிய அதே 1907இல் பௌத்தத்தின் சாரத்தை விளக்கும் ஆங்கில நூலை அவர் வெளியிட்டார். பிற்காலத்தில் 1948இல் அந்நூலின் மறுபதிப்புக்கு அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். இலட்சுமிநரசு புத்த அறத்தைப் புதிய அறிவியலின் துணைகொண்டு விளக்கினார். பண்டிதரோ நிகண்டுகளையும் சித்தர் பாடல்களையும் பழந்தமிழ் நூல்களையும் துணைகொண்டார். இன்றைய மாணவனுக்குப் பேராசிரியரின் வழியே அறிவியலுக்கு அணுக்கமானது என்று தோன்றும்; அது சரியே. ஆனால் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்து, மாலையில் மாரிக்குப்பத்துச் சங்கத்தில் கூடி அமர்ந்த தொழிலாளியின் கைக்கு அந்த ஆங்கில நூல் எட்டவில்லை. ஒரு பைசா இதழ் எட்டியது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கமுள்ள காலத்தில் நான்கு பக்கம் சிறிய பொருளன்று.

அத்தொழிலாளிக்குச் சங்கம் தந்தது யாது? மந்திரத்தையோ மறுமை வாக்குறுதியையோ அது முதன்மையாகத் தரவில்லை. கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை, பிறன்மனை நயவாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்து ஒழுக்கங்களைத் தந்தது. காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றும் அவிவதே நிப்பாணம், அதுவே சுகம் என்று பண்டிதர் விளக்கினார். கூலி கிடைத்த நாளில் கள்ளுக்கடையைக் கடந்து வீட்டிற்குச் செல்பவனின் மனைவி மக்களுக்கு நிப்பாணத்தின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலும் திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் பிற சாதிப் புரோகிதரை எதிர்பாராமல் தம்மவர் முன்னிலையில் தாமே நடத்திக்கொள்ள முடிந்தது. மருந்தால் தீராத ஓர் இழிவுணர்வு இருந்தது. அதற்கு அவர் கண்ட சிகிச்சை இதுவாகும்.

1912இல் 'புத்தரது ஆதிவேதம்' நூலாக வெளிவந்தது. திருக்குறளுக்கு அவர் எழுதி வந்த உரை முற்றுப்பெறவில்லை. 1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், அறுபத்தொன்பதாம் வயது நிறைவதற்குப் பதினைந்து நாள்கள் இருந்தபோது, பண்டிதர் மறைந்தார். அவருக்குப் பின் அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார்; பின்னர் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்து நடத்தினார்.

அதன்பின் நீண்ட மறதி சூழ்ந்தது. தமிழகத்தின் பகுத்தறிவு வரலாற்றை எழுதியோர் பலர் அவர் பெயரைச் சொல்லாமலே எழுதி முடித்தனர். பழைய இதழ்களைச் சில குடும்பங்கள் பெட்டிகளில் காத்து வைத்திருந்தமையால், 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகளை வெளியிட முடிந்தது. 2005இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் வாயிலில் நுழைவோரிடம் நோய் என்ன என்று கேட்கிறார்கள், குலம் கேட்பதில்லை.