கணக்கும் கழனியும்: ஜே. சி. குமரப்பா

சென்னையின் தென்பாகத்தில், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுவதற்கு முன்னர், பல வீடுகளின் புறக்கடையில் ஒரு கிணறும், அதனையடுத்து நாலைந்து தென்னைகளும், ஒரு முருங்கையும், துவைக்கும் கல்லிலிருந்து வழியும் நீரை உண்டு வளரும் வாழைகளும், கொட்டிலில் ஒரு பசுவும் இருந்தன. ஐப்பசி கார்த்திகையில் அத்தகைய தோட்டம் கேளாமலே கொடுக்கும். சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரமும் தொடங்கிவிட்டாலோ, கிணற்று நீர் அடியிற் சென்று தங்கும். கீரைப் பாத்தி கருகும். பசுவின் மடி சுருங்கும். கடைத்தெருவுக்கு நடக்கும் நடையும் பெருகும். ஒரு குடும்பம் தன் நிலத்தை நம்பி எத்தனை நாள் வாழக்கூடும் என்பதை உள்ளவாறு தெரிவிப்பது கோடையே. மழைக்காலத்தில் எவரும் தன்னிறைவு பெற்றவர்தாம்.

இக்கேள்வியைக் கணக்குப் புத்தகமும் கையுமாக இருந்து ஆராய்ந்த அறிஞர் ஒருவர் தமிழ்நாட்டிலே பிறந்து, சென்னையிலே பயின்று, சென்னையிலேயே உயிர் நீத்தார். அவர்தாம் ஜே. சி. குமரப்பா. காந்தியடிகளின் பொருளாதார அறிஞர் என்று அவரைப் பலரும் அறிவர். அவருடைய தொழில் கணக்காய்வு என்பதனையோ பெரும்பாலோர் மறந்து விடுகின்றனர். அதனை மறந்தால் அவர் செய்த வேலையின் உட்பொருள் விளங்காது.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றினார். இளமைப் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். சென்னை டவ்டன் கல்லூரியிற் கற்றபின் இலண்டன் மாநகர் சென்று கணக்காய்வுத் தொழிலிற் பயிற்சி பெற்றார். முதல் உலகப் போர் முடிந்ததும் தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டு ஒழுங்கு யாவும் அவரிடம் படிந்திருந்தன. 1927-இல் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக் கழகத்தில் ஒரு பட்டமும், கொலம்பியா பல்கலைக் கழகத்தில் செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பயின்று மற்றொரு பட்டமும் பெற்றார். ஆங்குதான் அவர் மனம் திரும்பியது. இந்தியாவின் பொது நிதியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகுந்தவர், வரவு செலவுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கவும், நாட்டின் வறுமைக்குக் காரணம் அக்கணக்கிலேயே கிடக்கக் கண்டார். 1929-இல் தாயகம் திரும்பிய காலத்தில் கொர்னேலியஸ் என்பதை விடுத்து, முன்னோர் வழங்கிய குமரப்பா என்னும் பெயரைத் தமதாக்கிக் கொண்டார்.

அவ்வாண்டு மே மாதம் 9-ஆம் நாள், பகல் இரண்டரை மணிக்குச் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் காண அவருக்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. குஜராத்தின் மே மாதம் எத்தகையது என்பதனைச் சென்னைவாசிகளுக்குக் கூற வேண்டுவதில்லை. பட்டுக் கால்சட்டையும் கைத்தடியுமாகக் குறித்த நேரத்திற்கு முன்னரே சென்றவர், மரத்தடியிற் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு கிழவர் அமர்ந்து நூல் நூற்பதைக் கண்டு, தடியை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு கடிகாரத்தை எடுத்து நேரம் பார்க்க, தாங்கள்தாம் குமரப்பாவோ என்று அக்கிழவர் வினவினார். நூற்றவர் காந்தியடிகளே என்று உணர்ந்த மாத்திரத்தில், உடையின் மடிப்புக் கெடுவதையும் எண்ணாது குமரப்பா அத்தரையிலேயே அமர்ந்து விட்டார். ஆசிரமத்தார் நாற்காலி கொண்டு வந்தபோதும் எழவில்லை. அதன்பின் அவர் நாற்காலியை நாடிச் செல்லவுமில்லை.

காந்தியடிகள் அவரிடம் ஒப்புவித்த முதல் வேலை, கேடா ஜில்லாவிலுள்ள மாதர் தாலுக்காவில் 54 கிராமங்களின் பொருள் நிலையை ஆராய்தல். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு குமரப்பா வீடு வீடாகச் சென்றார். பம்பாயில் பெரிய கம்பெனிகளின் ஏடுகளைப் புரட்டிய கண் இப்போது ஏழைக் குடியானவனின் அடுப்படியையும் தானியக் குதிரையும் நோக்கிற்று. எவ்வளவு விளைந்தது, எவ்வளவு வரியாகச் சென்றது, எவ்வளவு வட்டியாகச் சென்றது, அறுவடைக்குப் பின் எத்தனை மாதத்திற்குக் குதிரில் நெல் நின்றது என்பனவே அவர் எழுதிய கணக்கு. ஏடே இல்லாத முதலாளியாகிய உழவனுக்கு ஐந்தொகை தயாரித்த முதல் கணக்காய்வாளர்களுள் அவரும் ஒருவர் எனலாம்.

கணக்கில் அவர் எத்துணைக் கண்டிப்பு உடையவர் என்பதற்கு ஒரு செய்தி ஈண்டுக் கூறத்தக்கது. 1934-இல் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, நிவாரண நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. தொண்டர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு உணவுச் செலவு மூன்று அணா என்று விதித்தார். காந்தியடிகளும் அவருடைய குழுவினரும் வந்து தங்கியபோது, பாலும் பேரீச்சம் பழமுமாக அவ்வளவில் அடங்காத செலவு நேர்ந்தது. நிதியிலிருந்து அதனைத் தர இயலாதென்று குமரப்பா மறுத்து விட்டார். காந்தியடிகள் அதற்கு வருந்தவில்லை. அத்தகைய மனிதரைத்தான் தேடிக்கொண்டிருந்தார் போலும். அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதன் காரியதரிசியாகக் குமரப்பாவையே அமர்த்தினார்.

சங்கத்தின் இருப்பிடம் வார்தா நகரில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டமும் வீடும் ஆகும். மகன்லால் காந்தியின் நினைவாக அதற்கு மகன்வாடி என்று பெயரிட்டனர். வார்தாவின் கோடை கொடியது. அங்குள்ள நண்பகலுக்கு முன் நம் அடையாற்று வெயில் நிழல் போன்றது. அவ்விடத்தே குமரப்பாவும், அவர் தம்பியார் பாரதன் குமரப்பா முதலிய துணைவர்களும், ஒரு குடியானவன் வீட்டுக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளையும் எடுத்து, அது எங்கிருந்து வருகிறது, அதன் விலை எங்கே போகிறது என்று ஆராய்ந்தனர்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். வேர்க்கடலையை விற்றுவிட்டு ஆலை எண்ணெயை வாங்கும் குடும்பம் தான் இழந்தது எண்ணெய் ஆட்டும் கூலி மட்டுமே என்று எண்ணுகிறது. பிண்ணாக்கும் கூடவே போய்விடுகிறது. பிண்ணாக்குப் போனால் வைகாசியில் புல் இல்லாத நேரத்தில் பசுவுக்கு வைக்க ஒன்றுமில்லை. பசு வற்றினால் குழந்தைக்குப் பால் இல்லை. சாணம் குறைந்தால் அடுத்த பயிருக்கு எருவும் இல்லை. ஓர் ஓட்டையின் வழியே நான்கு பொருள் ஒழுகுகின்றன. ஆகவே ஜவேர்பாய் பட்டேல் என்பவர் மகன்வாடியிற் செக்கைத் திருத்தியமைத்தது சிறு காரியமன்று. அரிசியும் அவ்வாறே. ஆலையில் தீட்டித் தவிட்டை நீக்கிய அரிசி உடல் வலிமையையும் கொண்டு செல்கிறது. குத்தும் பெண்ணின் கூலியையும் கொண்டு செல்கிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாக உள்ளூர் எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே அமைக்கப்பட்டது. தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், கழிவை மக்கவைத்து எருவாக்கல் முதலியன பற்றித் தனித்தனியே எழுதப் புகின் இவ்விதழ் போதாது.

கோடைக்கு மிகவும் உரியது பனை வெல்லம். கரும்பு நல்ல நிலத்தையும் நல்ல நீரையும் ஓர் ஆண்டுக்குப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பனையும் ஈச்சமுமோ வேறொன்றும் விளையாத மேட்டிலும் வரப்பிலும் பாய்ச்சுவாரின்றி நின்று சாறு தருகின்றன. வெல்லத்தை மரத்தினின்று பெற்றால் கரும்பு நிலம் தானியத்துக்கு விடுதலையாகும் என்று குமரப்பா வற்புறுத்தினார். ஏரி வற்றிய சித்திரையிலும் பதநீர் இறக்கும் தமிழனுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் தன் பனையின் மதிப்பை மற்றொருவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

1942-இன் இயக்கத்தை ஒட்டிய சிறை வாழ்வில், ஜபல்பூர்ச் சிறையிலிருந்து அவர் தம் முதன்மையான நூலை எழுதினார். நிலைபேறுடைய பொருளாதாரம் என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். ஏசுநாதரின் வாழ்க்கையும் போதனையும் பற்றி ஒரு நூலும் அச்சிறையிலேயே பிறந்தது. இரண்டையும் படித்த காந்தியடிகள், தெய்வ நூற் புலவர் என்றும், கிராமத் தொழிற் புலவர் என்றும் இரு பட்டங்களை விளையாட்டும் உண்மையுமாக அவருக்குச் சூட்டினார்.

அப்பொருளாதார நூலில் ஒரு பட்டியல் உண்டு. ஒருவருக்கு நாள்தோறும் தானியம் 16 அவுன்ஸ், பருப்பு 2 அவுன்ஸ், வெல்லம் 2 அவுன்ஸ், பால் 12 அவுன்ஸ், காய்கறி 8 அவுன்ஸ் என்று உணவை அளந்து, உடைக்கு ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டரை ராத்தல் பஞ்சையும் சேர்த்து, இவற்றுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று காட்டுகிறார். அவ்வளவையின்படி ஐவர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து ராத்தல், ஆண்டுக்கு 1,825 ராத்தல் தானியம் வேண்டும். பயிரிடும் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானியத்துக்கே போகிறது. சுமார் பத்தில் ஒரு பங்கு பருத்திக்குப் போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இப்பட்டியலை அவர் ஒரு குடும்பத்துக்கென்று வகுக்கவில்லை. இலட்சம் மக்கள் வாழும் ஒரு வட்டாரத்துக்கென்று வகுத்தார். வேலியடைத்துக்கொண்டு தனித்து வாழும் ஒற்றைக் குடும்பத்தின் தன்னிறைவில் அவருக்கு நம்பிக்கையில்லை. கொழுவுக்குக் கருமானும், பானைக்குக் குயவனும், எண்ணெய்க்குச் செக்கானும் வேண்டும். ஒரு வீட்டில் எல்லாம் விளைய வேண்டியதில்லை; ஒரு வட்டாரத்தை விட்டு வீணே ஒன்றும் ஒழுகலாகாது.

இப்பட்டியலிலும் ஒரு குறையுண்டு என்பது நம் கருத்து. அது ஆண்டுக் கணக்கு. ஆண்டுக் கணக்கிற் சித்திரை தெரிவதில்லை. தையில் நிறைந்த குதிர் வைகாசியிற் காலியாவதற்கு விளைச்சற் குறைவு மட்டும் காரணமன்று. அறுவடையன்றே கடனுக்கும் வரிக்கும் மலிந்த விலையில் நெல்லை விற்றுவிட்டு, கோடையில் ஏறிய விலைக்கு அதனையே திரும்ப வாங்கும் கொடுமையும் காரணம். குமரப்பா இதனை அறியாதவரல்லர். பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊரிலேயே தானியத்தைச் சேமித்து வைக்க வேண்டுமென்றும், அரசாங்கம் வரியைத் தானியமாகவே அச்சங்கங்களின் வாயிலாகப் பெறலாம் என்றும் அந்நூலிலேயே வழி கூறினார். பட்டியலைப் போற்றியவர்கள் இதனைப் போற்றவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஒரு குடும்பத்துக்கு ஏற்ற நிலம் எது என்பதற்கு ஏக்கரை அளவாகக் கொள்ளவில்லை. குடும்பத்துக்குத் தக்க வாழ்வு தர வேண்டும். அவ்வீட்டார் யாவர்க்கும் வேலை தர வேண்டும். ஓர் உழவு ஜோடி மாட்டுக்காவது முழு வேலை தர வேண்டும். இம்மூன்றும் பொருந்தியதே பொருளாதார நிலம். உச்ச வரம்பு அதன் மும்மடங்கு. அறிக்கையைப் பாராட்டியவர் பலர்; நிறைவேற்றியவர் சிலர். டெல்லியின் திட்டங்கள் பேராலைகளையும் பேரணைகளையும் நோக்கி நடந்தன. குமரப்பா கடிந்து பேசினார். அவர் சினம் புகழ் பெற்றது. அதனால் நண்பர்களையும் இழந்தார். டிராக்டர் மீதும் இரசாயன உரத்தின் மீதும் அவர் கொண்ட வெறுப்பை நாம் முற்றும் ஏற்க வேண்டுவதில்லை. மண் களைத்துப் போகும் என்று அவர் அன்று எச்சரித்ததை இன்று வேளாண்மை அறிஞரும் மறுப்பதில்லை.

ஏட்டில் எழுதியதை மண்ணில் எழுதிப் பார்க்கவும் அவர் துணிந்தார். 1950-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில், அறுபதாம் அகவையை ஒட்டி, வார்தாவுக்கு அப்பாலுள்ள சேல்டோ என்னும் ஊரில் ஒரு நிலத்தை எடுத்துப் பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப் பெயரிட்டுக் குடியேறினார். கிராமத்தான் என்னென்ன கருவிகளைக் கொண்டு உழுகிறானோ அவற்றைக் கொண்டே உழுது, நிலம் தருவதைக் கொண்டே வாழ்தல் இயலுமா என்று அறிவதே நோக்கம். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. நெடுநாளைய இரத்த அழுத்த நோய் அவரைப் பற்றியிருந்தது. நிலத்துக்கு வேண்டிய உழைப்பைக் கணக்கிட்டவர், தம் உடலின் இருப்பைக் கணக்கிடத் தவறினார் என்று சொல்லத் தோன்றுகிறது. வார்தாவை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, மதுரை ஜில்லாவில் டி. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு வீட்டில் தங்கினார்.

கல்லுப்பட்டி மழை குறைந்த வானம் பார்த்த பூமி. அவ்வெளிய குடிலின் சுவரில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் தொங்கிற்று. பூதான யாத்திரையில் வினோபா அங்கு வந்தபோது, காந்தியடிகள் தம் குரு என்றும், இவ்வுழவன் அக்குருவுக்கும் குரு என்றும் குமரப்பா அப்படத்தைக் காட்டி அறிமுகம் செய்தார். 1957-இல் தம்பி பாரதன் மறைந்தார். அண்ணனாரின் நோயும் முற்றியது. மருத்துவத்துக்காகச் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட குமரப்பா, 1960-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அங்கே உயிர் நீத்தார். அறுபத்தெட்டு ஆண்டு வாழ்ந்த அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை.