ஜானகி அம்மையார்

மரத்தை இலையாலும் கனியாலும் அறிவது பழைய வழக்கு. மல்பெரி எனப்படும் முசுக்கட்டையோ அவ்வழக்குக்கு எளிதில் அடங்குவதன்று. ஒரே மரத்திற் சில இலைகள் பிளவுபட்டும் சில பிளவின்றியும் இருக்கும். 1753இல் இலினேயசு வெள்ளை, கறுப்பு, சிவப்பு என இனம் பிரித்துப் பெயரிட்டார். ஆயினும் வெள்ளை முசுக்கட்டையிலும் கருங்கனி பழுப்பதுண்டு. இவ்வையத்தை நீக்க உழைத்தோருள் ஒருவராகிய ஜானகி அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

1897இல் தலைச்சேரியிற் பிறந்த அம்மையார் சென்னையிற் கற்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரிற் கரும்பை ஆராய்ந்தபின் இங்கிலாந்து சென்றார். தாவரக் கலங்களினுள் அமைந்த நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியால் ஆராய்வதே அவர் கைவந்த கலை. டார்லிங்டன் என்பாருடன் சேர்ந்து 1945இற் பயிர்களின் நிறமூர்த்த அட்டவணையை வெளியிட்டார். கறுப்பு முசுக்கட்டையின் தோற்றம்பற்றி 1948இல் தனிக்கட்டுரை வரைந்தார். வெள்ளை முசுக்கட்டையின் நிறமூர்த்தங்கள் பொதுவாக 28, கறுப்பினுடையனவோ 308. பதினொரு மடங்கு! கனியின் நிறம் மயக்கிய இடத்தில் எண் தெளிவு தந்தது.

நேருவின் அழைப்பையேற்று 1951இல் தாயகம் மீண்டு, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க உழைத்த அம்மையார் 1984இல் மறைந்தார்.

இலையைப் பாராது எண்ணை மட்டும் நம்புதலும் தகாது. இரண்டையும் ஒப்புநோக்கித் துணிவதே அறிவு. முதற் பார்வையிலேயே மாணவரைத் தரம்பிரிக்கும் வழக்கம் ஆசிரியராகிய எம்மிடத்தும் உண்டு. அம்மையாரின் வாழ்வை எண்ணுந்தோறும் அதன்பொருட்டு நாணுகின்றோம். மானிப்பாய் இந்துவின் மைந்தர்காள், நீவிரும் உள்ளே நோக்கப் பழகுவீராக.